க்ரூஸ்தாக்கின் நாலாவது தடம்

யேர்கர் ஓரெப்ரோ நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர். ஆனால் கரகர கிட்டார் சத்தத்துக்காக உயிரை விடுகிற சில ஆயிரம் பேர் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு அவர் க்ரூஸ்தாக் குழுவைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லக்கூடிய ஆள்.

க்ரூஸ்தாக் 1990-இல் இதே ஊரில் ஒன்பது மாதம் இருந்து கலைந்துபோன குழு. விட்டுச் சென்றது ஒரே ஒரு கேசட். அதன் நகலின் நகல்தான் கைமாறிக் கைமாறி உலகத்தைச் சுற்றியது. முதல் பக்கத்தில் ஒரு கிட்டாரும் டிரம்ஸும் யானை நடையில் வரும். இரண்டாம் பக்கத்தில் இன்னதென்று தெரியாத ஓர் உறுமல். ‘இருவர் மட்டுமே இருந்த குழு, பாடகர் தேவைப்படாத குழு’ என்று யேர்கர் இருபது வருடமாக எழுதித் தள்ளியிருந்தார். உறுமலைப் பற்றி மட்டும் ஒன்பது பக்கக் கட்டுரை. அந்தக் கனத்த ஒலியைப் பிடிக்கவென்றே ஜெர்மனியில் பையன்கள் கிட்டார் கம்பிகளைத் துணிக்கொடி மாதிரித் தளரவிட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்து நிலவறையில் நடந்த பழைய பொருள் சந்தையில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே அசல் கேசட்டே அவர் கையில் சிக்கியது. நீல மையில் குழுவின் பெயர், மார்ச் 14 என்ற தேதி. வீடு வந்து சேரும்வரை அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை இசைத்தட்டாக வெளியிட ஒரு சிறு நிறுவனம் உடனே ஒப்புக்கொண்டது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சம்மதக் கையெழுத்து வாங்க, குழுவில் கிட்டார் வாசித்த தூர்டை அழைத்தார். தூர்ட் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வீடுகளைச் சூடாக்கும் வெப்பப் பம்புகளைப் பழுது பார்க்கிறவர். தொந்தரவு செய்யக் கூடாது என்று இருபது வருடமாக யேர்கர் அவரிடம் பேசியதே இல்லை!

ஞாயிற்றுக்கிழமை தூர்ட் வந்தார். லவங்கப்பட்டை பன்னை மென்றபடி இரண்டு பக்கத்தையும் கேட்டார். தொண்டையைச் செருமினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா...”

“ஆனா என்ன?”

“இல்ல, விடு. விஷயம் தெரிஞ்சவன் நீ. நான் என்னத்தச் சொல்ல.”

“யோவ், கிட்டார் வாசிச்சதே நீதான்!”

தூர்ட் பன்னைக் கீழே வைத்தார். “இது பாதி வேகத்துல ஓடுதுப்பா. ரெண்டாம் பக்கம் தலைகீழாவும் ஓடுது. நாங்க பயிற்சி எடுத்த சங்கத்தோட மெஷின்ல, கருவிக்கொண்ணு குரலுக்கொண்ணுன்னு நாலு தடமாப் பதிஞ்சோம். அது ரெண்டு மடங்கு வேகம், நாலு தடமும் ஒரே திசை. சாதா டெக்குல போட்டா இந்தப் பக்கம் ரெண்டு தடம் சவசவன்னு ஊரும். கேசட்டத் திருப்பினா மிச்ச ரெண்டும் பின்னாலேருந்து முன்னால வரும்.”

“இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“பதினஞ்சு வருஷமிருக்கும். ஒரு ரெக்கார்டு சந்தையில போட்டிருந்தாங்க. சுத்தி நின்னவங்க கண்ண மூடித் தலையாட்டிட்டிருந்தாங்க. நடுவுல புகுந்து ‘நான்தான் வாசிச்சேன், தப்பாப் போடுறீங்க’ன்னா, பெரிய இவனாட்டம் வந்துட்டான்னு நெனைக்க மாட்டாங்க?”

எங்கள் ஊர்க்காரன் தீப்பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் புகை போகாமல்தான் எரிவான். யேர்கரின் இருபது வருட எழுத்தும் மண்ணாய்ப் போனது.

“அப்ப அந்த உறுமல்?”

“அது மரீத்தா. மூணாவது தடத்துல அவ பேஸ் கிட்டார், நாலாவதுல அவ பாட்டு. திடுதிப்புன்னு ஒருநாள் வராம நின்னுட்டா. ஏன்னு கேக்கல. அவ சொந்த விஷயம்.”

யேர்கர் பேசாமல் இருந்துவிடலாம். தூர்ட் சாகும்வரை வாயைத் திறக்கமாட்டார் என்பது உறுதி. பழைய பெருமையோடு இசைத்தட்டும் வெளிவந்துவிடும். ஒரு கோப்பைக் காப்பி ஆறும்வரை யேர்கர் அந்த ஆசையோடு மல்லுக்கட்டினார் என்பதை மறைப்பானேன்? ஆனால் யாருமே கேட்டிராத ஒரு பாட்டு அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. அதைக் கேட்காமல் அவரால் தூங்க முடியாது.

திங்களன்று இருவரும் படிப்பு வட்டச் சங்கத்துக்குப் போனார்கள். இசைக்குழுக்கள் இங்கே படிப்பு வட்டம் என்று பதிந்து, வருகைத்தாளில் கையெழுத்திட்டால் பயிற்சி அறையும் கருவிகளும் இலவசம். மெஷின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் வரவேற்பு மேசை அம்மாள் மசியவில்லை.

“வட்டம்னா மூணு பேர். ரெண்டு பேர் வந்தா அது பேச்சுவார்த்தை.”

“பத்து நிமிஷ வேலைதாம்மா.”

“மூணாவது கையெழுத்து வரட்டும், பத்து மணி நேரம்கூட இருங்க.”

தூர்ட் கூரையைப் பார்த்தார். யேர்கர்தான் மரீத்தாவின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்.

பள்ளிச் சமையலறை வேலைக்கு நடுவே மரீத்தா வந்தார். நெற்றியில் வலைத் தொப்பியின் தடம் இன்னும் இருந்தது. கையெழுத்துப் போட்டார். கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தார். “அரை மணிதான். உருளைக்கிழங்கு லோடு வரும்,” என்றார்.

யேர்கர் கேசட்டை மெஷினில் போட்டு, தடத்துக்கு ஒன்றாக இருந்த ஒலி விசைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். டிரம்ஸ் வந்தது. யானை நடை எங்கே? அது குதிரை! அதன்மேல் தூர்டின் கிட்டார், ஈரச் சரளையை இரும்புத் தகட்டில் கொட்டினாற்போல் வந்து விழுந்தது. பேஸ் சேர்ந்ததும் அறையின் ஜன்னல் அதிர்ந்தது. யேர்கர் நாலாவதைத் தள்ளினார்.

அதை அழகான குரல் என்று சொன்னால் பொய். இருபது வயதுப் பெண் ஒருத்தி, அத்தனை இரைச்சலுக்கும் மேலே, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் பாடினாள். குரல் உடைந்த இடத்தில் அவள் நிற்கவில்லை; உடைந்த குரலோடே மேலே ஏறினாள். யேர்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தாயிரம் கேசட்டுகளைக் கேட்டவர் அவர், இப்படியொன்றைக் கேட்டதில்லை. ஒன்பது பக்கம் எழுதியும் இதன் ஓரத்தைக்கூட அவர் தொடவில்லை. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. கன்னத்தில் நீர் வழிய நின்றார்.

பாட்டு முடிந்தது. நாடா சீறிக்கொண்டே ஓடியது.

“நான் எழுதினதெல்லாம் தப்புங்க,” என்றார் யேர்கர். “இருவர்னு எழுதிட்டேன். உங்களையே காணாமப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் திருத்தி எழுதிடறேன்.”

மரீத்தா அவரைப் பார்க்கவில்லை. தூர்டைப் பார்த்தார்.

“டிரம்ஸ் வாசிச்ச ரோய்னே ஒரு நகல் கொடுத்தான். வீட்ல சாதா டெக்குல போட்டேன். நான் அதுல இல்ல. பேஸும் இல்ல, குரலும் இல்ல, திருப்பினா வெறும் உறுமல். பிடிக்கலன்னு நேர்ல சொல்லக் கூச்சப்பட்டு அழிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்.”

தூர்ட் அவர் பக்கம் திரும்பினார். “கேட்டிருக்கலாமே, மரீத்தா.”

“நீ கேட்டிருக்கலாமே.”

மரீத்தாவே மெதுவாகத் தொடர்ந்தார்: “அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல. என் பொண்ணுக்குத் தாலாட்டுகூடப் பாடல. கேக்கறதுக்கே சகிக்காத குரல், அத ஏன் கொழந்த காதுல போடணும்னு.”

உருளைக்கிழங்கு லோடு பற்றி அவருக்கு நினைவில்லை. எழுந்து மெஷினருகே வந்தார். மற்ற மூன்று விசைகளையும் தாமே கீழே இறக்கினார். நாடாவைத் தொடக்கத்துக்கு ஓட்டினார். வெறும் குரல் மட்டும் அறையில் எழுந்தது. கடைசி மூச்சு வரைக்கும் நின்று கேட்டார்.

“இந்தப் பொண்ண யாரும் போகவிட்டிருக்கக் கூடாது,” என்றார். “நானும்தான்.”