நாற்பது சத்தமும் ஒரு மாமியாரும்

குழுவில் கிட்டார் வாசிப்பவனை எல்லோரும் பெடல் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், எந்நேரமும் அவன் காலடியில் கிடக்கும் எஃபெக்ட்ஸ் பெடல். அந்தப் பெட்டியின் பொத்தானைக் காலால் மிதித்தால் கிட்டார் அழும், உறுமும், குகைக்குள் போய் நின்று பேசும். பத்து வருஷமாகத் திருகித் திருகி நாற்பது சத்தங்களை அதில் பிரீசெட்டாகச் சேமித்திருந்தான். போன கச்சேரியில் பெட்டி நடுவில் மக்கர் பண்ண, ஒரு பாட்டு முழுக்க அவன் சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தான். டிரம்மர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். முதல்ல எல்லாத்தையும் பேக்கப் எடுத்து வை" என்று சொல்லிவிட்டான்.

பேக்கப் எடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. ஒரு வயர், ஒரு லேப்டாப் போதும். ஆனால் வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் மனைவியுடையது. பெட்டியின் குட்டித் திரையில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும் பெயர்கள், லேப்டாப்பில் முழுப் பட்டியலாக விரியும். அவை குடும்பத்தார் பார்வைக்கு வைத்த பெயர்கள் அல்ல. ஆரம்பித்தால் நிற்காமல் சொன்னதையே சொல்லும் எக்கோவுக்கு 'மாமியார்'. தடதடவென்று வந்து உடனே காணாமல் போகும் சத்தத்துக்கு 'மச்சான்'. அடியில் புகைந்து கடைசியில் வெடிப்பதற்கு 'அவ கோவம்'. கச்சேரியில் அவன் தனியாக வாசிக்கும் முக்கியமான இடம் அதில்தான்.

கச்சேரி நாள் மத்தியானம், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வயரைச் செருகினான். மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பி, நத்தையாக ஊர்ந்தது. பட்டியல் விரிந்தபோது அவள் தலையைத் துவட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

"என்னங்க இது, எங்கம்மா இதுல என்ன பண்றாங்க?"

"அது... எக்கோ."

"'அவ கோவம்'. எவ?"

பெடல் லேப்டாப்பை மூடப் பார்த்தான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூட லேபிள் ஒட்டுவாள். அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எந்திரிங்க. போய்க் குளிங்க. நானே எடுத்து வைக்கிறேன்."

அவன் குளித்துவிட்டு வந்தபோது பெட்டி பையில் ஏறியிருந்தது. "மூணு காப்பி எடுத்திருக்கேன்" என்றாள்.

அரங்கத்தில் பெட்டியைப் போட்டுப் பார்த்தவன் ஆடிப்போனான். 'மழை ஒழுகுது', 'பாப்பா தூங்கிட்டா', 'பக்கத்து வீட்டு சண்டை' என்று எங்கே பார்த்தாலும் புதுப் பெயர்கள். தொடங்க இருபது நிமிஷம்தான். எது எந்தச் சத்தம் என்று தெரியாமல் மேடையேறினால் இன்றோடு அவன் கதை முடிந்தது. பெட்டியைப் புரட்டினான். அடியில் ஒரு பென்டிரைவ் ஒட்டியிருந்தது. மேலே மருந்துக்கடை லேபிள்: 'பழைய பெயர்கள். தேவைப்பட்டால் மட்டும்.'

டிரம்மரிடம் லேப்டாப் கேட்டான். டிரம்மர் காரிலிருந்து எடுத்துவரப் போன இடைவெளியில், இவன் கால் சும்மா இருக்காமல் 'பாப்பா தூங்கிட்டா'வை மிதித்தது. மகள் கைக்குழந்தையாக இருந்த மாதங்களில் அவன் அடங்கி வாசித்த அதே மெல்லிய சத்தம். 'மழை ஒழுகுது' சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெயரைப் படித்தாலே சத்தம் தெரிந்தது. அவன் வாசிப்பது அவளுக்கு வெறும் இரைச்சல் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தான்!

'அவ கோவம்' என்று இருந்த சத்தம் மட்டும் அகப்படவில்லை. முப்பத்தெட்டாவதாக ஒன்று இருந்தது: 'அடுப்பு மறந்தேன்'. மிதித்தான். புகைந்து, புகைந்து, வெடித்தது.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்த சாயங்காலம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. வீடெல்லாம் பால் தீய்ந்த நாற்றம். கையில் கரண்டியோடு, கண் கலங்க, அவள் அறை வாசலில் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று அவசரமாகக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே அந்தப் பெயரை வைத்தான். அவள் அடுப்பை மறந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"இந்தா லேப்டாப்" என்று மூச்சு வாங்க வந்தான் டிரம்மர்.

"வேணாம்டா."

அன்று அந்த இடத்தை அவன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீட்டி வாசித்தான். டிரம்மர் முதலில் முறைத்தான், பிறகு சிரித்துக்கொண்டே கூட வந்தான்.

முடிந்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டான். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் இதைத்தான் கேட்டான்: "எல்லாத்துக்கும் பேர மாத்தின. ஒன்ன மட்டும் ஏன் அப்படியே விட்டுட்ட?"

"எதை?"

"மாமியார்."

"அதுல மாத்த என்ன இருக்கு? மத்தியானத்துலேர்ந்து அம்மா நாலு தடவை கூப்பிட்டுட்டாங்க. ஒரே விஷயம்."