பன்னிரண்டாம் படுக்கையின் விலக்குப் பட்டியல்

அறையில் இருந்தவர்கள்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மா. யாருக்கு என்ன சாப்பாடு என்று கணினியில் உணவுச் சீட்டு போடும் நர்ஸ். தலைமைச் சமையற்காரர். அவருடைய மச்சினன், அதாவது அங்கே கணினி நிரல் எழுதுகிறவன்.

இல்லாதவர் ஒருவர். பன்னிரண்டாம் படுக்கை நோயாளி. சிறுநீரகம் கெட்டுப்போன அவருக்கு, பொட்டாசியம் கூடிவிடும் என்று விலக்கப்பட்டிருந்தும், நேற்றிலிருந்து வேளைக்கு ஒரு வாழைப்பழம் போயிருந்தது. இன்று மதியம் இதயத் துடிப்பு தாறுமாறாகி மாடியில் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழத்தை அனுப்பியது யார் என்பதுதான் கேள்வி.

மச்சினனை எல்லோரும் ஆந்தை என்றார்கள். மூன்றாம் வருடத் தேர்வுக்கு நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கூடத்தை விட்டு வெளியே போனவன், அப்படியே கல்லூரியை விட்டும் போய்விட்டான். பிறகு நான்கு வருடம் இரவு ஷிப்டு. அக்கா புருஷனான சமையற்காரர்தான் யார் யாரையோ கையைக் காலைப் பிடித்து இங்கே பகல் வேலை வாங்கிக் கொடுத்தார். இன்று அவர் வேலைதான் ஆட்டம் கண்டிருந்தது.

"சமையல்கட்டுத் திரையில வாழைப்பழம் கூடாதுன்னு இருந்துச்சா இல்லையா?" என்றார் கண்காணிப்பாளர்.

"திங்கக்கிழமை இருந்துச்சும்மா. நேத்து காணோம். இல்லாததை நான் எப்படிப் படிப்பேன்?" என்றார் சமையற்காரர்.

"சிஸ்டர், நீங்க எடுத்தீங்களா?"

"திங்கக்கிழமை போட்டதுக்கு அப்புறம் பன்னெண்டாம் பெட்டு சீட்டை நான் தொடவே இல்ல மேடம். வரலாற்றைப் பாருங்க."

நோயாளி மாடிக்குப் போனதும் சீட்டு மூடப்பட்டுவிட்டது. யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு மட்டும் மிச்சம். அதில் ஒரே வரி: திங்கள் காலை, வாழைப்பழம் விலக்கு, நர்ஸ் பதிந்தது. அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

கண்காணிப்பாளர் சமையற்காரரைப் பார்த்தபடி பேனாவைத் திறந்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நீங்கதான் கவனிக்காம விட்டிருக்கீங்க. இன்னியிலிருந்து சஸ்பெண்டு."

சமையற்காரர் மேல்துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான்.

"எழுதாதீங்க மேடம்," என்றான் ஆந்தை. "அது பொய் சொல்லும். எழுதினவன் நான். எனக்குத் தெரியும்."

"மாமாவுக்கு வக்காலத்தா?"

"பத்து நிமிஷம் கொடுங்க. கண்ணுக்கு எதிர்ல காட்டுறேன்."

மேசைமேல் இருந்த கணினியில் இல்லாத நோயாளிகள் இருவருக்குச் சீட்டுப் போட்டான். முதல் சீட்டை வாழைப்பழ விலக்கோடு எழுதினான். இரண்டாவதை நர்ஸுகள் வழக்கமாகச் செய்வது போல 'நகல்' பொத்தானை அழுத்தி எடுத்தான். நகலில் பாலின் அளவை மாற்றினான். முதல் சீட்டான மூலத்தைத் திறந்தான். மூலத்தில் பழைய அளவே இருந்தது. மதியச் சாப்பாட்டை மாற்றினான். மூலம் அசையவில்லை.

"ஆச்சா?" என்றார் கண்காணிப்பாளர். பேனா மறுபடி காகிதத்தைத் தொட்டது.

ஆந்தை திரையை மறுபடி பார்த்தான். நகல் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் மாமா பொய் சொல்கிறவர் அல்ல. உப்புக் கூடிப்போனால்கூட தானே வந்து சொல்லிவிடுகிற ஆள். அப்படியானால் தான் இன்னும் பார்க்காத இடத்தில்தான் தவறு இருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மாமா, நேத்து வேற எந்தச் சீட்டு மாறுச்சு? யோசிங்க."

"ஒம்பதாம் பெட்டு. அவருக்கும் வாழைப்பழம் கூடாதுன்னு இருந்துச்சு. நேத்து அதையும் காணோம். ரெண்டும் ஒண்ணாப் போச்சேன்னு பார்த்தேன்."

"ஒம்பதுல நான்தான் எடுத்தேன்," என்றாள் நர்ஸ். "அவருக்குக் கிட்னி நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு."

"ஒம்பதுக்குச் சீட்டு எப்படிப் போட்டீங்க சிஸ்டர்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பன்னெண்டைப் பார்த்து நகல் எடுத்தேன். எல்லாரும் அப்படித்தான எடுக்குறாங்க."

ஆந்தை நகல் சீட்டின் மதியச் சாப்பாட்டுக்குள் போனான். அதற்குள் இருந்த விலக்குப் பட்டியலைத் திறந்து வாழைப்பழத்தை அழித்தான். பிறகு மூலச் சீட்டைத் திறந்து திரையைக் கண்காணிப்பாளர் பக்கம் திருப்பினான்.

மூலத்திலும் வாழைப்பழம் இல்லை. மூலத்தின் வரலாற்றில் புதிதாக ஒரு வரிகூட ஏறவில்லை.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னொரு தடவை பண்ணுங்க."

இன்னொரு தடவை பண்ணினான். அதேதான்.

"சீட்டுக்குள்ள மூணு வேளை இருக்கு மேடம். ஒவ்வொரு வேளைக்குள்ளயும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு. நகல் எடுக்குறப்ப சீட்டு புதுசா வருது, வேளையும் புதுசா வருது. உள்ள இருக்குற பட்டியல் மட்டும் புதுசா வரல. ரெண்டு சீட்டும் ஒரே பட்டியலைத்தான் காட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் போயிடும்."

"ஒரே பானைக்கு ரெண்டு மூடி போட்டு, ரெண்டு பானைன்னு கணக்குக் காட்டியிருக்க," என்றார் சமையற்காரர்.

"அதேதான் மாமா."

"போன மாசமே சொன்னனே மாப்ள. பால் ஒருத்தருக்கு மாத்தினா இன்னொருத்தருக்கும் மாறுதுன்னு."

ஆந்தை இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நிரலில் ஏதோ கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலே மாமா தப்பித்துவிடுவார். ஆந்தை அதையும் ஒரு கணம் யோசித்தான்.

"சொன்னாரு," என்றான். "நான் சரி பண்ணினேன். வேளை வரைக்கும் புதுசா எழுத வெச்சேன். அதுக்குள்ள இன்னொரு அடுக்கு இருக்குன்னு தெரியும். வீட்டுக்குப் போற நேரம். பாலை மட்டும் மாத்திப் பார்த்துட்டு, கோளாறு தீர்ந்ததுன்னு எழுதிட்டேன்."

"அப்ப இதை யார் பேர்ல எழுதட்டும்?"

"என் பேர்ல."

கண்காணிப்பாளர் முதல் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். "நாளைக்கு விசாரணை. வேலை இருக்குமான்னு சொல்ல முடியாது."

"நாளைக்குப் பார்ப்போம். இன்னிக்கு ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு ஏறுது. இந்த வாரம் நகல் எடுத்த சீட்டு அறுபத்துநாலு. அத்தனையும் ஒட்டிக்கிட்டிருக்கு. சிஸ்டர், டாக்டர் எழுதின கோப்பைப் பார்த்து நீங்க போன்ல ஒவ்வொண்ணா சொல்லுங்க. நான் பிரிச்சு எழுதுறேன்."

"முடியுமா?" என்றாள் நர்ஸ். மணி மூன்றே முக்கால்.

"முடிக்கணும்."

கணினி அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சமையற்காரர் கூடவே நடந்து வந்தார். முதலில் செய்ய வேண்டியதை ஆந்தை மனதுக்குள் வரிவரியாக எழுதிக்கொண்டே போனான். நகல் எடுக்கும்போது உள்ளே பட்டியல் இருந்தால் அதையும் புதிதாக எழுது. அந்தப் பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதையும் எழுது. வெறும் சொல்லும் எண்ணும் மட்டும் மிஞ்சும்வரை உள்ளே இறங்கு, பாதியில் ஏறி வராதே. இந்தத் தடவை கடைசி அடுக்கிலிருந்து சோதிக்க வேண்டும்.

கதவருகே நின்று சாவியை மாமாவிடம் கொடுத்தான்.

"வெளியில பூட்டிடுங்க."

"எதுக்கு?"

"திறந்திருந்தா ஒரு சிகரெட்டுன்னு கிளம்புவேன். கிளம்பினா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா."

"தெரியும். தண்ணி குடிக்கப் போன ஆளு." மாமா சாவியைப் பார்த்தார். "அவசரமா வந்தா என்ன பண்ணுவ?"

"அடக்கிக்குவேன். உசிர் போற அவசரம்னா போன் இருக்கு. அறுபத்துநாலும் முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி கெஞ்சினாலும் திறக்காதீங்க."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நல்லது. தூக்கம் வராது," என்றார் மாமா.

ஆந்தை உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது. பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது. மாமா ஒரு முறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.