இலங்கை இமெல்டாவின் ஊர்ப்பாட்டு

திருநெல்வேலிச் சீமையில் நாடகம் பார்க்கிற ஆளிடம் இமெல்டா என்று சொன்னால் யாரது என்று கேட்பார். இலங்கை இமெல்டா என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த அடைமொழி அவள் பெயருக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. சில ஊர்களில் இமெல்டாவை விட்டுவிட்டு 'இலங்கை வந்தாச்சா?' என்று மட்டும் விசாரிப்பார்கள். அவளும், வந்தாச்சு என்று பதில் சொல்லிவிட்டு முகத்துக்குப் பவுடர் போட உட்கார்ந்துவிடுவாள்.

பிறந்தது மன்னார்ப் பக்கம் சிப்பிக்குடா என்கிற கடற்கரைக் கிராமத்தில். மாதா கோவில் திருநாளுக்கு ஊரார் போடும் கூத்தில் சின்ன வயதிலேயே சிறகு வைத்த சம்மனசு, அதாவது தேவதூதர், வேஷம் கட்டியவள். இருபது வயதில் அரசி வேஷம். அக்கம்பக்கத்துக் கரைகளிலிருந்தெல்லாம் அவள் பாட்டைக் கேட்க வள்ளம் பிடித்து வருவார்கள். இனி யாழ்ப்பாணம், கொழும்பு என்று பெரிய மேடை ஏறுவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது சண்டை ஊருக்குள் வந்துவிட்டது. தொண்ணூறில் அப்பாவோடு படகேறினாள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்த அக்கா அங்கேயே நின்றுகொண்டாள். இந்தியக் கரையில் இறங்கியதும் பெயர் பதிந்து, லாரியில் ஏற்றி, கடைசியில் தாமிரபரணிக் கரையில் ஒரு முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த திருநாளுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று அப்பா சொன்னார். அவரை அடக்கம் செய்ததும் அந்த முகாமுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியாராக இருந்த வேதநாயகம், கிறிஸ்துமஸுக்குத் துணிமணி கொடுக்கச் சபையாரோடு முகாமுக்கு வந்தவர், இவள் பாடியதைக் கேட்டுவிட்டு வேனில் ஏறாமல் நின்றுவிட்டார். அவர் பொருநை இசை நாடக சபா என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அம்மன் கோவில் கொடை விழாவுக்கும் கிறிஸ்தவக் கோவில் அசன விருந்துக்கும் பேதமில்லாமல் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, இவள் முகாமுக்கு வெளியே போய்வர அனுமதி வாங்கினார். இவளுக்காகவே 'தேரிக்காட்டு ராணி' என்று ஒரு நாடகம் எழுதினார். கப்பல் உடைந்து, செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியில் கரையேறுகிற வேற்று நாட்டு இளவரசியின் கதை. கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இவள் தன் முதல் காட்சியில் நனைந்த சேலையோடு நின்று 'இது எந்தக் கரை?' என்று பாட்டெடுத்தால், முன்வரிசையில் முறுக்குத் தின்கிறவன் வாய் அசைக்க மாட்டான்.

சபாவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் தொடங்குமுன் முக்கிய வேஷக்காரர் திரைக்கு முன்னால் வந்து, ஆடவந்த ஊரை வாழ்த்தி ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஊர்ப்பாட்டு என்பார்கள். அந்தந்த ஊருக்கு அன்றன்றைக்குக் கட்டுகிற பாட்டு. இமெல்டா ஒரு ஊரில் வேனை விட்டு இறங்கியதும் விழாக் கமிட்டிக்காரரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பாள். குடிக்கத் தண்ணி எது, கும்பிடுத சாமி எது, விளையுறது எது, பாட்டுல விட்டுட்டா கோவிச்சுக்கிடுத ஆளு யாரு? கடைசிக் கேள்விக்கு எல்லா ஊரிலும் பதில் இருந்தது. தலைக்கு ஒப்பனை முடிவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். புன்னக்காயலில் முகத்துவாரத்தையும், திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டையும் அவள் பாடுகையில், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்ம ஊர் இவ்வளவு நல்ல ஊரா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நாடகத்தை விட ஊர்ப்பாட்டுக்கே கூட்டம் வந்ததில் வேதநாயகத்துக்கு உள்ளூர ஒரு குறை.

வழக்கத்துக்கு ஒரு விதியும் உண்டு. சொந்த ஊருக்குத் தானே ஊர்ப்பாட்டு பாடக்கூடாது. தன் கல்யாணப் பந்தியில் தானே விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பாட்டை மெச்சுகிற மாதிரி ஆகிவிடும் என்பார் வேதநாயகம். வாழ்த்துவது வந்தவர் வேலை, ஊர்க்காரர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தோழி வேஷம் கட்டும் பிரிஸில்லாவுக்கு ஏரல் சொந்த ஊர். ஏரலில் ஆட்டம் என்றால் அவள் திரைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணப்பெண் மாதிரி நிற்பாள். ஆர்மோனியம் வாசிக்கும் தேவமணிக்கும், பபூன் வேஷம் போடும் மாரிராஜுக்கும்கூட அப்படி ஒவ்வோர் ஊர் இருந்தது. இமெல்டாவுக்கு மட்டும் எல்லா ஊரிலும் பாட வேண்டியிருந்தது.

இதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பினதில்லை. ஆனால் ஓர் ஆசை இருந்தது. சிப்பிக்குடாவில் ஒரு மேடை, வேறு யாரோ ஊர்ப்பாட்டு பாட, தான் திரைக்குப் பின்னால் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பலதையும் தள்ளிப்போட்டாள். முகாமிலேயே மாப்பிள்ளை வந்தது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முகாமை விட்டு வெளியே வீடு பிடிக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷம் போகிறவளுக்கு எதற்கு வீடு என்றாள். இப்படியே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது.

நடுவில் சபா மலேசியாவுக்குப் போனது. கடவுச்சீட்டு இல்லாததால் இமெல்டா போகவில்லை. ராணி வேஷத்தைப் பிரிஸில்லா கட்டினாள். நன்றாகவே செய்தாள் என்று தேவமணி சொன்னார். ஆனால் திரும்பி வந்த பிரிஸில்லா, அங்கன எல்லாரும் இலங்கை எங்கே இலங்கை எங்கேன்னு கேட்டு என் உயிரை எடுத்துட்டாவ என்று சொல்லி அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தும் வேலையும் இமெல்டாவுக்கே வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் அவள் பேசும் இலங்கைத் தமிழுக்குத் தனி மவுசு. வாங்கோ, எங்கட, ஓம் என்று அவள் இழுத்தால் சனம் உருகும். வேதநாயகம் இருந்தவரை அதில் ஒரு சொல் மாற விடவில்லை. மேடையை விட்டு இறங்கினால் கதை வேறு. கத்தரிக்காய்க்காரனிடம் 'என்னலே இந்த வெல சொல்லுத?' என்று அவள் கேட்பதைப் பார்த்தால், பரம்பரையாகத் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இலங்கைத் தமிழைச் சாயம் பூசுகிற மாதிரி ஒவ்வொரு மாலையும் பூசி, ஆட்டம் முடிந்ததும் கழுவிவிட்டாள். அது எப்போது அப்படி ஆனது என்று அவளுக்கே தெரியாது.

வேதநாயகம் காலமாகிச் சபா தேவமணி கைக்கு வந்த பிறகு, போன வருஷம் சிப்பிக்குடாவிலிருந்து அக்கா மகன் டெரிக் தொலைபேசியில் பேசினான். ஊரில் புதுக் கலையரங்கு கட்டியிருக்கிறார்கள், திருநாளுக்குச் சின்னம்மா வந்து அரசியாகப் பாட வேண்டும், பிறகு அம்மாவோடேயே இருந்துவிடலாம் என்றான். பேச்சுக்கு நடுவே, நீங்கள் இந்தியாக்காரர் மாதிரியே கதைக்கிறீங்கள் என்று சிரித்தான். இமெல்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

போவதென்றால் சும்மா இல்லை. முகாம் பதிவை விட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போனால் போனதுதான், நினைத்தபோது திரும்பி வருகிற வழி கிடையாது. தேவமணி நாலு பக்கமும் யோசிக்கச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். கடவுச்சீட்டுக்குப் பதிலாக, ஊர் திரும்புகிறவர்களுக்குத் தூதரகம் தரும் பயணத்தாளும் வந்துவிட்டது. ஏரல் அம்மன் கொடையில் கடைசி ஆட்டம், அந்த வாரக் கடைசியில் விமானம் என்று முடிவாயிற்று.

ஏரலுக்குப் புறப்படுகிற அன்று காலை டெரிக் திருநாள் நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பினான். நடுவில் பெரிய எழுத்தில், 'இந்தியாவிலிருந்து வருகை தரும் திருநெல்வேலி இமெல்டா' என்று இருந்தது. கூடவே அவன் குரலும் வந்தது.

"சின்னம்மா, உங்கட ஊர்ப்பாட்டைத்தான் இங்க எல்லாரும் போன்ல போட்டுப் போட்டுப் பாக்கினம். எங்கட ஊருக்கும் ஒண்டு பாடவேணும். நோட்டீஸ்லயும் போட்டாச்சு."

போட்டுத்தான் இருந்தது. 'அன்னார் நமது ஊரை வாழ்த்தி ஊர்ப்பாட்டு இசைப்பார்.'

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சிப்பிக்குடாக் கூத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. ஊர்ப்பாட்டு வெளியூர்க்காரர் பாடுவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சின்னம்மாவுக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைத்திருந்தான். அந்த நோட்டீஸை இமெல்டா திரும்பத் திரும்பப் பார்த்தாள். நெஞ்சு வலித்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வலி இன்னும் கூடியது.

வேன் ஆற்றோரமாகப் போயிற்று. ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு புதிதாக வைத்த வாழை நெடுக நின்றது. வழக்கமாக அவள் வேனில் ஏதாவது முனகிக்கொண்டே வருவாள், அன்று அந்த வாழைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரலில் இறங்கியதும் கமிட்டித் தலைவர் மகாராஜன், நாலு கேள்வி வரும் என்று தயாராக எதிரே வந்து நின்றார். அவள் வணக்கம் சொல்லிவிட்டு ஒப்பனைக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரம். கொடைப் பந்தலில் கூட்டம் நிரம்பிவிட்டது. தேவமணி ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இமெல்டா பிரிஸில்லாவிடம் திரும்பினாள்.

"எட்டி, இன்னைக்கு ஊர்ப்பாட்டு நீ பாடுதியா?"

பிரிஸில்லாவுக்குத் திகைப்பு. "எனக்கு இது சொந்த ஊருல்லா அக்கா. நான் எப்படிப் பாட?"

"எனக்கும் இது சொந்த ஊரா இருந்துட்டுப் போகட்டுமே. யாராவது பாடுங்க. நான் ஒரு தடவை இங்கன சும்மா நிக்கேன்."

பபூன் மாரிராஜ் ஒட்டுமீசையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவளுக்கு ஆகட்டும் என்று சொல்ல எல்லோருக்கும் மனசுதான். ஆனால் வெளியே ஒலிபெருக்கியில் மகாராஜன் ஏற்கெனவே, இலங்கை இமெல்டா நம் ஊருக்குக் கடைசியாகப் பாட வருகிறார் என்று முழங்கிக்கொண்டிருந்தார். சனம் கைதட்டியது.

தேவமணிதான் பைய வாயைத் திறந்தார். "அக்கா, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாங்க எல்லாரும் உங்கள எங்க ஊருன்னுதான் நெனைக்கோம். ஆனா சனம் இலங்கையக் கேக்கத்தான் வந்திருக்கு."

நியாயம்தான். அந்த நியாயம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் போனாள்.

விவரம் கேட்காமலேயே பாடினாள். ஏரலைப் பற்றி அவளுக்கு இனிமேல் யார் என்ன சொல்லித் தர வேண்டும்?

"வெள்ளம் வந்து போன பின்னும் வேரூன்றி நின்ற ஊர்
வாழைக்கன்று வைத்த கையால் வழித்துணையும் தந்த ஊர்
வந்த பேரைப் பேர்விளித்து வாவென் றழைத்த ஊர்
வாழி வாழி ஏரலே, நான் வழிநடக்கும் வேளையிலே"

பந்தலில் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். திரைக்குப் பின்னால் பிரிஸில்லா, அந்த ஊர்ப் பெண்ணாக, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவளும் அழுதாள். இமெல்டா அழவில்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

முதலில் பபூன் காட்சி. ராணி கரையேற இன்னும் நேரம் இருந்தது. இமெல்டா கொட்டகை மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து சிப்பிக்குடாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். மேடைத் தமிழைப் பூசிக்கொள்ள அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

"டெரிக், சின்னம்மா பேசுதேன்யா. நோட்டீஸ் பார்த்தேன். பாடுதேன். பாட்டுக்கு வெவரம் வேணும், கேக்கதுக்குப் பதில் சொல்லு. அங்க இப்போ குடிக்கத் தண்ணி எது?"

குழாய்த் தண்ணீர் என்றான். கோவிலடிக் கிணறு என்ன ஆச்சு என்று கேட்டாள். "எந்தக் கிணறு சின்னம்மா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். சாமி அதே மாதாதான், கட்டடம்தான் புதுசு, பழையது ஷெல் விழுந்து போயிற்றாம். விளைவது என்ன என்றதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மீன் குறைந்துவிட்டது, கடற்கரை நெடுக இப்போது காற்றாலைதான் நிற்கிறது, அதைப் பாட்டில் வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம் என்றாள் இமெல்டா. எந்த ஊர்க் கமிட்டிக்காரர் சொல்வதையும் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு மனசில் இருத்திக்கொண்டாள். பெரிய ராட்டினம் மாதிரிச் சுற்றுமா, சத்தம் வருமா என்று விசாரித்தாள்.

"வேற என்ன வேணும் சின்னம்மா?" என்றான் டெரிக்.

இன்னும் ஒரு கேள்வி இருந்தது. பாட்டில் விட்டுவிட்டால் கோபித்துக்கொள்கிற ஆள் யார் என்பது. சிப்பிக்குடாவில் அந்த ஆள் இங்கே ஒரு டிரங்குப் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "போதும்யா" என்று போனை வைத்தாள். மேடையில் மணி அடித்தது. செம்பிலிருந்த தண்ணீரைச் சேலையில் ஊற்றி நனைத்துக்கொண்டு, கரையேறுவதற்காக எழுந்து போனாள்.