குட்டை அங்குலம்

பத்தரைக்கு மேல் ராகுகாலம். அதற்குள் விக்கிரமங்கலத்தில் வாசல் நிலையை நிறுத்தியாக வேண்டும். மஞ்சள் பூசி மாவிலையும் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரர் குருநாதன் தன் புது டேப்பை எடுத்து நிலைக்காலில் வைத்துப் பார்த்தார்.

"ஏழடின்னுதானே ஜோசியர் சொன்னாரு? அரை இஞ்சு கொறையுதே ஆசாரி."

"இருக்காதுங்க." என் டேப்பை வைத்துக் காட்டினேன். சரியாக ஏழடி.

கொத்தனார் பூமாலையும் தன் டேப்பை வைத்தார். அதிலும் அரை அங்குலம் குறைந்தது.

"அது சிமெண்டு கடையில சும்மா குடுத்த டேப்பு. அதப் போயி நம்புறீங்க" என்றான் என்னோடு வேலை செய்யும் வீரமணி.

எல்லாரும் சிரித்தார்கள். குருநாதன் சிரிக்கவில்லை.

"ஏழடி இல்லாத நிலை என் வூட்டுக்கு வேண்டாம். தூக்கிட்டுப் போயிருங்க."

அவர் கொல்லையில் நின்ற வேம்பு அது. மறுபடி அறுக்க இன்னொரு மரம் கிடையாது. பூமாலையின் டேப்பை வாங்கிக்கொண்டு மணல் குவியலுக்குப் பின்னால் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்தேன். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டிலும் ஒன்றுதான். என் டேப்பில் முதல் அங்குலம் மட்டும் பாதிதான் இருந்தது.

பொங்கல் சமயத்தில் டேப்பின் நுனிக் கொக்கி பிய்ந்துபோனது. வீரமணி கிழிந்த நுனியை வெட்டிவிட்டு, அதே கொக்கியை மறுபடி அடித்துக் கொடுத்தான். புதுசு எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன். வாசலையும் கதவையும் ஒரே டேப்பில் அளந்ததால் எதுவும் தெரியவில்லை. நாங்கள் அளந்து சொன்ன கணக்குக்கு அரியலூர் ஜெயசீலன் வெட்டித் தந்த ஜன்னல் கண்ணாடிகள் மட்டும் உள்ளே இறங்கவே இல்லை. கண்ணாடிக்காரனுக்குக் கண்ணு தெரியலை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தோம்.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்தேன்.

"தப்பு என் டேப்புலதாங்க. மிச்சமிருக்கிற இதே வேம்புல அரை இஞ்சு கனத்துக்குக் கட்டை சீவி நிலைக்கு அடியில குடுத்துடறேன்."

வீரமணி என் முழங்கையைக் கிள்ளினான். குருநாதன் தலையை ஆட்டினார்.

"ஒட்டுப் போட்டா அது ஏழடியா?"

நவதானியத் தட்டோடு நின்ற அவர் மனைவி மேகலா வாயைத் திறந்தார்.

"நீங்க செருப்பு போட்டு நின்னாதான் என் ஒசரம் வரீங்க. நான் என்னிக்காச்சும் சொல்லிக் காட்டினேனா?"

பூமாலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குருநாதன் ஒருமுறை தன் காலைப் பார்த்தார், பிறகு தன் டேப்பை என் கையில் கொடுத்தார்.

"இதுல அளந்து வைங்க. நேரம் போவுது."

கட்டையைச் சீவி, நவதானியம் போட்டு, நிலையை நிமிர்த்தினோம். குருநாதன் மறுபடி அளந்தார். ஏழடி. மணி பத்தரை ஆகச் சற்று நேரமிருந்தது.

ஆனாலும் என் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து ஜெயசீலனுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவன்கிட்ட என்னத்தச் சொல்லப் போற?" என்றான் வீரமணி.

"அவனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு."