கோமதி அக்காவை எவ்வளவு நம்புகிறீர்கள்?

இன்று காலையிலிருந்து எங்கள் வீட்டில் எழுத்து மட்டும்தான். மின்விசிறி இருந்த இடத்தில் 'மின்விசிறி' என்ற சொல் சுற்றுகிறது. காற்று நன்றாகவே வருகிறது. அம்மா 'காபி' என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சர்க்கரை கம்மி.

கோமதி அக்காவின் மின்னஞ்சலைத் திறக்கத்தான் இந்த ஏற்பாடு. மாமா படித்துவிடக் கூடாதென்று பூட்டி அனுப்பியிருந்தாள். பூட்டைத் திறக்கும் மென்பொருள் எழுத்து மட்டுமே உள்ள கருப்புத் திரையில்தான் ஓடும். படம் கண்ணில் பட்டால் நின்றுவிடும். அதனால் வீடு இப்படி மாறிக்கொண்டது.

பிடித்தவனோடு அக்கா போனபின் அவள் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. அவள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது ஒரு சொல்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து வந்த ஒரே கடிதம் இது. படிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

திறக்கும் கட்டளையைத் தட்டினேன்.

"கோமதியின் சாவி இருக்கிறது. நம்பிக்கை இல்லை," என்றது திரை.

"யாருக்கு?"

"வீட்டில் விசாரிக்கவும்."

அதுவே மாமாவுக்கும் தகவல் சொல்லிவிட்டது. மாமா தடித்த எழுத்தில் வந்து சேர்ந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு 'நாற்காலி' மேல் உட்கார்ந்தார்.

திரை கேட்டது: கோமதியை எவ்வளவு நம்புகிறீர்கள்? ஒன்று, தெரியாது. இரண்டு, நம்பமாட்டேன். மூன்று, ஓரளவு. நான்கு, முழுசாக. ஐந்து, அவளும் நானும் ஒன்று.

"ரெண்டைப் போடு தமயந்தி," என்றார் மாமா. "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ரெண்டு போட்டா கடுதாசி அழிஞ்சிரும்."

"அழியட்டும். ஓடிப்போனவ கடுதாசி உனக்கு என்னத்துக்கு?"

"ஏட்டி, மூணு போடு," என்றாள் அம்மா. "யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்."

அம்மா எதற்குமே மூன்றுதான். அவளுக்காக மூன்று போட்டேன். கடிதம் வந்தது. 'தமயந்தி', 'ஆஸ்பத்திரி', 'வலி', 'பயமா'. நடுவில் எல்லாம் ஓட்டை.

"மீதி எங்கே?"

"ஓரளவு நம்பினால் ஓரளவுதான் வரும்," என்றது திரை.

நான்கு போட்டேன்.

"முழு நம்பிக்கைக்குத் தாய்மாமன் கையெழுத்து தேவை."

"செத்தாலும் போடமாட்டேன்," என்றார் மாமா.

"அவ ஆஸ்பத்திரியில கிடக்கா மாமா!"

"கிடக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஐந்தின் மேல் விரலை வைத்தேன்.

"ஐந்து உங்கள் சொந்தச் சாவிக்கு மட்டும்," என்றது திரை. "அடுத்தவருக்குப் போட்டால் அவர் படுவதெல்லாம் உங்களுக்கும் வரும். நிச்சயமா?"

"வேண்டாம்ட்டி!" என்று அம்மா அலறினாள்.

"நிச்சயம்," என்று தட்டினேன்.

கடிதம் ஓட்டையில்லாமல் வந்தது. மாமா காதில் விழட்டுமென்றே உரக்கப் படித்தேன்.

"தமயந்தி, விசாகப்பட்டினத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன். அவர் கப்பலில் இருக்கிறார். வலி எடுத்துவிட்டது. பிள்ளை வரப்போகிறது. இங்கே என் பாஷை பேச ஆள் இல்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது. நீயாவது வருவாயா?"

படித்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பில் வலி பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி செய்யுது?" என்றாள் அம்மா.

"பிரசவ வலிம்மா."

மாமா துள்ளி எழுந்தார். "கல்யாணம் ஆகாத புள்ளைக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போயி ஆட்டோ பிடிங்க."

"மாட்டேன்னா?"

"இங்கனயே பெத்துருவேன். உங்க மடியிலதான் போடுவேன்."

மாமா செருப்பு மாட்டாமலே தெருவுக்கு ஓடினார். அம்மா வெந்நீர் வைக்கப் போனாள். இந்த முறை யாருடைய மனக்கஷ்டத்தையும் அவள் கேட்கவில்லை.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

"தமயந்தி, திடீரென்று வலி பாதியாகிவிட்டது. நர்சுக்கே ஆச்சரியம். நீயா?"

அடுத்த வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்.

"நான்தான். மீதியையும் அனுப்பு."