கழுவிய காலணா

எளாவூரில் கூலிக்கு ஏர் ஓட்டிய அப்பா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் அந்தச் செப்புக் காலணா கிடைத்தது. கரியைப் போல இருந்தது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். துருப்பிடித்த கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கிப் பளபளவென்று எடுப்பேன். துளி கறை இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் காலணாவையும் அதே தொட்டியில் முக்கி, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

திருவள்ளூரில் பழைய நாணயம் வாங்கும் வேதாசலம் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்து லென்ஸில் பார்த்தார்.

"இன்னாத்துல கழுவின?"

"கழுவினது எப்டி சார் தெரியுது?"

"பழைய செம்பு இப்டி ரோஸா இருக்காது. மேல பொடிப்பொடியா கோடு ஓடுது பாரு. எழுத்து இடுக்குல மட்டும் கறுப்பு நிக்குது. அந்தக் கறுப்பு முழுசா இருந்திருந்தா நல்ல வெல குடுத்திருப்பேன். சுலபத்துல கெடைக்காத வருசம்பா இது. இப்ப எடைக்குத்தான் போவும்."

அழுக்கோடு வந்தால் வெளியே நில் என்றுதான் இதுவரை எல்லா வாசலிலும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்புக்கு விலை உண்டு என்று இவர்தான் முதலில் சொல்கிறார்.

காலணாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. இந்தக் கடைக்குக் கிளம்பும்போது கையையும் அதே பிரஷ்ஷால்தான் தேய்த்திருந்தேன்.