நட்சத்திரம் இல்லாத ரிப்போர்ட்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் அவருடைய பொறாமை, பிறகு என்னுடையது. என் கையில் ஊசி குத்திய லேப்காரர், குழாய் நிரம்புகிற நேரத்தில், "நீங்க கதை எழுதுறவர்தானே?" என்று ஆரம்பித்து இதைச் சொன்னார். இத்தனை வருடம் எழுதியும் என் மண்டையில் இப்படி ஒன்று உதிக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி முழுக்கக் கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'ஒரு வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர்...' (வேண்டாம். ராஜா கதை மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: லேப்காரர் அந்த வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை. பத்து வருடமாகப் பொரித்ததைத் தொட்டதில்லை. வேகவைத்த காய், படுக்கப் போகுமுன் மாத்திரை. ஆனாலும் அவருடைய ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் தவறாமல் உட்கார்ந்திருக்கும். அளவு மீறினால் கணினி போடுகிற குறி அது.

சின்ன மாப்பிள்ளையோ கோழியைத் தோலோடு தின்பார். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் விடமாட்டார். தினமும் நீச்சலடிப்பார் (நீச்சல் நான் போட்டது). அவர் ரிப்போர்ட்டில் மருந்துக்குக்கூட ஒரு நட்சத்திரம் கிடையாது. அதை ஃபிரிட்ஜ் கதவில் பூக் காந்தம் வைத்து ஒட்டியிருப்பார் (பூவும் நான் போட்டதுதான், காரணம் பிறகு). வருடா வருடம் அவர் ரத்தத்தை எடுத்து, சோதித்து, அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பவர் யார்? பெரிய மாப்பிள்ளையேதான்.

"பாருங்க, அவரு உடம்ப எப்படி வெச்சிருக்காரு! நீங்களும் இருக்கீங்களே" என்பார் பெரியவரின் மனைவி.

"என்ன சகல, அவ்வளவு காய்கறியும் எங்கதான் போகுது?" என்று சின்னவர் அவர் வயிற்றில் தட்டுவார்.

3

இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு ரத்தத்தில் தனியாகப் போகாது. புரதம் சுற்றிய பொட்டலமாகத்தான் போகும். வழக்கமான சோதனை, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. லேபுக்குப் புதிதாக வந்த சோதனை, அந்தப் புரதத்தை அளந்து பொட்டலங்கள் எத்தனை என்று சொல்லிவிடும். கொழுப்பு அளவோடு இருந்தும் பொட்டலங்கள் எக்கச்சக்கமாக இருக்கலாம். ரத்தக்குழாய்ச் சுவரில் போய் அப்புவது பொட்டலம்தான்.

புதுச் சோதனை வந்தால், மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மிச்சமிருக்கும் ரத்தத்தில் ஓட்டிப் பார்ப்பது லேப் வழக்கம். குளிர்பெட்டியில் அந்த வாரத்துக் குழாய்கள் நூற்றுக்கு மேல் நின்றன. கைக்கு வந்ததை எடுத்திருக்கலாம். அவர் தேடித்தேடி இரண்டை எடுத்தார். ஒன்று தன்னுடையது, இன்னொன்று சகலையுடையது.

அவருடையது அளவுக்குள். சகலையுடையதில் நட்சத்திரம். மறுபடி ஓட்டினார். அதே எண்.

"உண்மைய சொல்லட்டுமா சார்? சந்தோஷமா இருந்துச்சு. பாட்டுகூட முணுமுணுத்தேன். ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் சகலையோட அப்பா ஹார்ட் அட்டாக்குல போனது ஞாபகம் வந்துச்சு. நாப்பத்தி நாலு வயசு. சகலைக்கு இப்ப நாப்பத்தி மூணு."

4

முடிவு ஒன்று: போய்ச் சொல்லிவிடுகிறார்.

(பாதி முயன்றார். சாப்பாட்டு மேஜையில், "புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு சகல, எடுத்துப் பாருங்களேன்" என்றார். "எனக்கா? பொறாமைக்கு ஏதாவது டெஸ்ட் இருந்தா நீங்க எடுத்துக்குங்க" என்றார் சின்னவர். மேஜையே சிரித்தது. பெரியவரின் மனைவியும் சிரித்தார்.)

முடிவு இரண்டு: அவர் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் காலை சின்னவர் குளத்திலிருந்து கரையேறும்போது நெஞ்சைப்

இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.

"ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துட்டேன்னு சொல்லிடலாமே?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஓட்டினீங்கன்னு என் வீட்டுக்காரி கேப்பா. அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல சார். இருக்கு, சொல்ல முடியாது. நீங்க எழுதுங்க. கதைன்னா சகலை விடமாட்டாரு, படிச்சிடுவாரு."

கோழை, என்று நினைத்துக்கொண்டேன். கூடவே வயிறும் எரிந்தது. நான் எழுதியதில் ஒருவர் கட்டாயம் படித்தே ஆகவேண்டிய கதை இது ஒன்றுதான். அதுவும் அடுத்தவருடையது.

5

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஆளை மறைக்க நான் போட்டதை மட்டும் எடுத்துவிடுகிறேன். சின்னவர் நீந்துவதில்லை. ஓடுகிறார், நீல நிற ஷூவில். காந்தம் பூ அல்ல, ஒரு கண் அழிந்த மஞ்சள் வாத்து.

இப்போது எழுந்துபோய் ஃபிரிட்ஜைப் பார்க்கிறவரே, உங்கள் சகலை நல்ல எண்ணத்தோடு அந்தக் குழாயை எடுக்கவில்லை. எண் என்னவோ உண்மை. நாளைக் காலை ஓடுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். சகலையை மன்னிப்பதா, சட்டையைப் பிடிப்பதா என்பதைத் திரும்பி வந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.